காட்டுக்குப் போகுமுன் வந்த மாடு

காட்டுக்குப் போவதென்று முடிவானதும் எங்கள் வீட்டில் முதலில் நின்றது பால். அடுத்து தயிர், மோர், நெய். அதற்கும் அடுத்து நின்றது என் கணவரின் சிரிப்பு. அது திரும்பி வரக் கொஞ்ச நாள் பிடித்தது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை அது. மைசூர் சாமுண்டிபுரத்தில், ஒரே காம்பவுண்டுக்குள் நாலு குடித்தனம் இருந்த இடத்தில் எங்களுக்கு இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டும் கிடைத்திருந்தன. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவர் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுப்பவர். அவர் கன்னடக்காரர், நான் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் பக்கத்துத் தமிழ்க்காரி. இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் கோடை விடுமுறை வரும். கூடவே அதை எங்கே கழிப்பது என்ற சண்டையும் வரும். அந்த வருடம் மட்டும் சண்டை வரவில்லை.

காரணம் அவருடைய பழைய வகுப்புத் தோழர். குடகு மலைக்குள் பத்துப் பன்னிரண்டு பேரோடு சேர்ந்து அவர் ஒரு குடியிருப்பு போட்டிருந்தார். கரண்டு கம்பி எட்டாத இடம். ஓடைத் தண்ணீர், மண் சுவர், புங்க எண்ணெய் விளக்கு. விலங்குகளிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்வதில்லை என்பது அவர்கள் கொள்கை. மைசூருக்கு ஏதோ வேலையாக வந்தவர் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, நான் நீட்டிய காப்பியை வேண்டாமென்று கையமர்த்திவிட்டு, தான் ஒரு வேகன் என்றார்.

"வேகனா? நஞ்சன்கூட்டுக்குச் சரக்கு ஏத்திட்டுப் போகுமே, அதுவா?" என்று கேட்டேன். நிஜமாகவே எனக்கு அந்த ஒரு வேகன்தான் தெரியும்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பொறுமையாக விளக்கினார். கறி, மீன், முட்டை கிடையாது என்றதும் தலையாட்டினோம். பால், தயிர், நெய் கிடையாது என்றதும் ஆட்டுவதை நிறுத்தினோம். தேனும் கிடையாதாம். பால் கன்றுக்குட்டிக்கு, தேன் தேனீக்கு. "அப்படியானால் நமக்கு?" என்று என் கணவர் மெல்லிய குரலில் கேட்டார். மிச்சமெல்லாம் நமக்குத்தான் என்றார் தோழர். விடுமுறை முழுக்க அங்கே வந்து தங்கி, தோட்ட வேலை பார்த்து, அவர்களோடு சாப்பிட்டு இருக்கலாம். ஒரே நிபந்தனை, வருவதற்கு முன்பே வீட்டில் பழகிக்கொள்ள வேண்டும். பழகாமல் வருகிறவர்கள் இரண்டாம் நாளே தயிர்சாதக் கனவு கண்டு பஸ் ஏறிவிடுகிறார்களாம்.

நான் உடனே சரி என்றேன். என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். காப்பியில் ஆடை மிதந்தால் அதற்காகவே இன்னொரு வாய் குடிக்கிற மனிதர் அவர். ஆனால் மரம் செடி என்றால் உயிர். புத்தகத்தில் மட்டுமே பார்த்த மரமெல்லாம் அந்த மலையில் நிற்கிறது என்று தோழர் சொன்னபோதே அவர் பாதி காட்டுக்குப் போய்விட்டார். எனக்கு மரம் முக்கியமில்லை. கோடை விடுமுறை வந்தால் மற்ற டீச்சர்கள் எல்லாரும் பிறந்த வீட்டுக்குப் பெட்டி கட்டுவார்கள். "நீங்க ஊருக்குப் போகலியா?" என்று என்னையும் கேட்பார்கள். அதற்கு ஒரு பதில் கிடைத்ததே என்று எனக்குச் சந்தோஷம்.

எனக்குப் பிறந்த வீடு என்றால் அண்ணன் ஒருவர்தான். அப்பாவும் அம்மாவும் நான் படித்துக்கொண்டிருந்தபோதே போய்விட்டார்கள். ராகி விற்று, கடலை விற்று, என்னை மைசூரில் ஹாஸ்டலில் சேர்த்துப் படிக்க வைத்தது அண்ணன். வேறு பாஷை, வேறு சாதியில் ஒருவரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நான் போய் நின்றபோது அவர் சத்தம்கூடப் போடவில்லை. "இனிமே நீ நம்ம காட்டு வரப்ப மிதிக்க வேண்டாம். நானும் உன்ற வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றார். அதோடு பேச்சு நின்றுவிட்டது. நாலைந்து வருடமாகப் பொங்கலுக்குப் பொங்கல் கேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவரை நினைத்தால் முதலில் கோபம் வரும், அது அடங்குவதற்குள் அழுகை வந்துவிடும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஹனூர்ப் பேச்சில் காடு என்றால் நிலம். மழையை நம்பி ராகியும் கடலையும் விதைக்கிற மேட்டு நிலம். மரம் அடர்ந்து யானை திரிகிற இடத்தை மலை என்போம். எங்கள் ஊரில் ஒருவர் காட்டுக்குப் போகிறேன் என்றால் களை வெட்டப் போகிறார் என்று பொருள், சாமியாராகப் போகிறார் என்றல்ல. கன்னடத்திலோ காடு என்றால் மரமும் யானையும்தான். கன்னடக்காரரோடு குடித்தனம் நடத்தியதில் என் வாயிலிருந்த காடும் எனக்குத் தெரியாமலே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டிருந்தது.

பழகும் படலம் காலைக் காப்பியில் தொடங்கியது. முதலில் வெறும் டிகாக்‌ஷன் குடித்துப் பார்த்தார். முகம் போன போக்கைப் பார்த்து நான் சமையற்கட்டுக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். பிறகு தேங்காய்ப் பால் விட்டுப் பார்த்தோம். காப்பி பாயசமாகிவிட்டது. கடைசியில் நிலக்கடலையை ஊறவைத்து அரைத்து, துணியில் பிழிந்து, கொதிக்கவைத்து ஒரு பால் எடுத்தோம். கண்ணை மூடிக்கொண்டு குடித்தால் காப்பி என்று நம்பலாம். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் கடலைப் பாலையே உறைக்கு வைத்து, பச்சை மிளகாய்க் காம்பு போட்டு, தயிரும் செய்தோம். அது தயிராக வந்த நாளில் இரண்டு பேரும் கிண்ணத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். பரீட்சையில் பாஸான பிள்ளைகளுக்குக்கூட அவ்வளவு பெருமை இருந்திருக்காது.

அடுத்தது இருட்டு. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு எண்ணெய் விளக்கை ஏற்றிவைப்போம். முதல் நாளே வீட்டுக்கார அம்மா பதறிக்கொண்டு வந்து ஃபியூஸ் போய்விட்டதா, ஆளைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார். காட்டுக்குப் போகப் பழகுகிறோம் என்று என் கணவர் கன்னடத்தில் சொன்னார். அந்த அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார். ஆனால் அந்த இருட்டு நன்றாகத்தான் இருந்தது. ரேடியோ கிடையாது. விளக்கின் முன்னால் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டு, சின்ன வயதில் யார் யாரிடம் எதற்கெல்லாம் அடி வாங்கினோம் என்று பேசிக்கொண்டிருப்போம். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அவ்வளவு பேசியதில்லை.

தோல் கூடாது என்று அவருடைய செருப்பையும் பெல்ட்டையும் பரணில் போட்டோம். இரண்டு பேருக்கும் ரப்பர் செருப்பு வாங்கினோம். கைக்கடிகாரத்தின் தோல் வாரைக் கழற்றிவிட்டு, என் பழைய ரிப்பன் ஒன்றைக் கோத்துக் கட்டிக்கொண்டார். அதோடு கல்லூரிக்கும் போனார். பட்டும் கூடாது. என் கல்யாணப் புடவையான மைசூர் சில்க்கை எடுத்துப் போக எனக்கு எண்ணமே இல்லை. இருந்தாலும் கூடாது என்று சொன்னதும் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சோப்புக்குப் பதில் சீயக்காயும் பூந்திக்கொட்டையும். அட்டை கடித்தால் என்ன செய்வது என்று அவர் தோழரைக் கேட்டிருந்தார். கொல்லாமல் எடுத்து ஓரமாக விட்டுவிட வேண்டுமாம். "அது நம்ம ரத்தத்தை வயிறு நிறையக் குடிக்கலாம். நாம ஒரு வாய் பால் குடிக்கக் கூடாது. நல்ல நியாயம்" என்றேன். அவருக்குச் சிரிப்புத் திரும்பி வந்தது அன்றைக்குத்தான்.

எங்கள் தெரு முனையில் பூக்கூடை வைத்திருந்த அக்கா ஹனூருக்குப் பக்கத்து ஊர்க்காரர். மைசூரில் என்னோடு எங்கள் ஊர்ப் பேச்சுப் பேசுகிற ஒரே ஆள். தினமும் ஒரு முழம் வாங்குவேன். பூ வேண்டியது பாதி, பேச்சு வேண்டியது பாதி.

"வர்ற மாசம் பூ வேண்டாங்க்கா. நாங்க காட்டுக்குப் போறோம்" என்றேன்.

அவர் கட்டிக்கொண்டிருந்த பூவை மடியில் வைத்தார். "காட்டுக்கா? உங்களுக்குன்னு காடு ஆயிருச்சா, அம்மிணி?"

"ஆமாங்க்கா. ரொம்பப் பெரிய காடு. ஓடையெல்லாம் ஓடுது."

"ஓடைத் தண்ணியா. நல்ல காடுதான் போ" என்றார். அன்றைக்கு அளந்ததுக்கு மேலே ஒரு சாண் பூ கொடுத்தார். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. காட்டுக்குப் போவதில் அவருக்கும் சந்தோஷம்போல என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். கணக்கு டீச்சரின் மூளை அன்றைக்கு அவ்வளவுதான் வேலை செய்தது.

கிளம்புவதற்குச் சில நாள் முன்பு, ஒரு சாயங்காலம். மெயினை இறக்கிவிட்டு விளக்கை ஏற்றியிருந்தேன். அடுப்பில் களி வெந்துகொண்டிருந்தது. வெளியே ஏதோ வண்டி வந்து நின்ற சத்தம். வீட்டுக்கார அம்மாவின் குரல், "டீச்சர், நிம்ம மனேகே ஹசு பந்திதே" என்றது. உங்கள் வீட்டுக்குப் பசு வந்திருக்கிறது என்று. தெருமாடு எதுவோ செடியைத் தின்கிறது, அதற்கு என்னைக் கூப்பிடுகிறார் என்று நினைத்து வாசலுக்கு வந்தேன்.

கேட்டுக்கு வெளியே ஒரு டெம்போ நின்றது. அதிலிருந்து இறங்கிய செவலைப் பசு ஒன்று, அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஒரு கன்று. கயிற்றைப் பிடித்துக்கொண்டு என் அண்ணன். தலையில் நரை கண்டிருந்தது. வேட்டியில் சாணம்.

"அண்ணா" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்காமல் வாசலில் நின்ற முருங்கை மரத்தைப் பார்த்துப் பேசினார். "காடு வாங்கியிருக்கியாமா. பூக்காரம்மா பஸ்ஸுல வர்றவங்ககிட்டச் சொல்லியுட்டுது. காடுன்னு ஒண்ணு வந்தா பொறந்த வூட்டுல இருந்து ஒரு மாடு வரோணும். அது நம்ம வழக்கம். அதுக்குத்தான் வந்தேன், வேற ஒண்ணுமில்ல. கட்டிட்டுப் போயிடறேன். இந்த டெம்போ காலையில மார்க்கெட்டுல லோடு ஏத்திட்டு ஊருக்குத் திரும்புது, நான் அதுலயே படுத்துக்குவேன். காடு எந்தப் பக்கம்? நஞ்சன்கூட்டுப் பக்கமா, ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பக்கமா?"

அத்தை வீட்டில் காடு வாங்கியபோது அப்பா இதே மாதிரி ஒரு மாட்டை ஓட்டிக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன். பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு கூடவே ஓடியும் இருக்கிறேன். பூக்கார அக்கா எந்தக் காட்டை நினைத்துக்கொண்டு எனக்கு ஒரு சாண் பூ கூடக் கொடுத்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. இல்லாத காட்டுக்காக என் அண்ணன் வந்திருக்கிறார். இல்லை என்று சொன்னால் மாட்டை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார், இனி எந்த ஜென்மத்திலும் வரமாட்டார். நஞ்சன்கூட்டுப் பக்கம் என்று பொய் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்லியிருப்பேன். அதற்குள் என் கணவர் விளக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

"பாவா, வாங்க வாங்க" என்றார். கன்னடத்தில் மனைவியின் அண்ணனுக்கு அதுதான் முறை. அண்ணனிடம் பேச என்றே அவர் கொஞ்சம் தமிழ் கற்று வைத்திருந்தார், இத்தனை வருடமும் அதற்கு வேலை வரவில்லை. அவ்வளவையும் ஒரே மூச்சில் கொட்டினார். "காடு குடகு பக்கம் இருக்குது. ஆனை எல்லாம் இருக்குது. ரொம்ப சந்தோஷம். நாம கரண்டு நிறுத்திட்டோம். பால், தயிர் எல்லாம் நிறுத்திட்டோம். பழக்கம் பண்றோம்."

அண்ணன், ஊரெல்லாம் விளக்கெரிய எங்கள் வீடு மட்டும் இருண்டு கிடப்பதைப் பார்த்தார். என் கணவரின் கையில் ரிப்பன் கட்டிய கடிகாரத்தைப் பார்த்தார். இருவர் காலிலும் இருந்த ரப்பர் செருப்பைப் பார்த்தார். கடைசியில் என் முகத்தைப் பார்த்தார். மாட்டுக் கயிற்றை என் கணவரின் கையில் திணித்துவிட்டு, கேட்டைத் திறந்து, படியேறி, நேராக உள்ளே போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

சமையற்கட்டில் ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்து பார்த்தார்.

"பாலு எங்க?"

"இல்லீங்ண்ணா."

"மோரு?"

"இல்லீங்."

"நெய்யி?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் காலி ஜாடியைக் கவிழ்த்துப் பார்த்தார். அப்புறம் அடுப்புத் திண்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "எனக்கு ஒரு வார்த்தை சொல்லியுட்டிருக்கலாமல்ல, அம்மிணி. கரண்டு பில்லு கட்டக்கூட இல்லாம, பாலுக்கு இல்லாம... காடு வாங்கித்தான் இப்பிடி ஆயிட்டீங்களா? எனக்குக் கோவம் இருந்துது, இல்லேங்கல. அதுக்குன்னு உன்னை இருட்டுல பட்டினி கெடக்கச் சொன்னனா?"

குரல் உடைந்துவிட்டது. என் அண்ணன் அழுது நான் பார்த்தது அம்மா போன அன்றைக்கு மட்டும்தான்.

எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அதற்கு முன்னால் சிரிப்பு வந்துவிட்டது, என்ன செய்ய. வாயைப் பொத்திக்கொண்டு ஓடிப் போய் மெயின் சுவிட்சைத் தூக்கிவிட்டேன். டியூப் லைட் எரிந்தது, ஃபேன் சுற்றியது, முன்னறையில் அணைக்க மறந்திருந்த ரேடியோ கன்னடத்தில் பருத்திச் சாகுபடியைப் பற்றிப் பேசத் தொடங்கியது. மிக்ஸியையும் அணைக்காமல் விட்டிருந்தோம். மூடி சரியாகப் போடாத மிக்ஸி அலறிக்கொண்டு சுற்றி, பாதி அரைபட்டிருந்த கடலைப் பாலை அண்ணனின் சட்டையில் வாரி அடித்தது.

"இதென்ன கருமம்?" என்றார் அண்ணன்.

அவரை மணையில் உட்காரவைத்துச் சொன்னேன். காசு இருக்கிறது, கரண்டு இருக்கிறது, இரண்டு பேருக்கும் சம்பளம் வருகிறது. காடு மட்டும்தான் இல்லை. நான் சொன்னது மலையை. விடுமுறைக்கு மலைக்குள் போய்த் தங்கப் போகிறோம், அங்கே பால் கிடையாது, கரண்டு கிடையாது, அதற்குத்தான் இந்தக் கூத்தெல்லாம். சொல்லி முடித்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மலைன்னா, ஆனை இருக்கற மலையா?" என்றார் நிதானமாக.

"ஆமாங்ண்ணா."

"ராகி வெளஞ்சா ராவெல்லாம் பரண்ல உக்காந்து தகரத்தைத் தட்டித் தட்டி ஆனையைத் தொரத்தறோம் நாங்க. நீங்க லீவு போட்டு அதைத் தேடிப் போறீங்களா?"

"லீவு போடலீங்ண்ணா. அது பள்ளிக்கூடத்துல தானா வுடற லீவு."

அவர் தோள் குலுங்கியது. முதலில் இன்னும் அழுகிறார் என்றுதான் நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். சட்டையில் வழிந்த கடலைப் பாலைத் துண்டால் துடைத்துக்கொண்டே, கண்ணையும் துடைத்துக்கொண்டு, மறுபடியும் சிரித்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாசப்படி மிதிக்க மாட்டேன் என்றவர் என் சமையற்கட்டில் மணை போட்டு உட்கார்ந்திருக்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை. ஞாபகப்படுத்தினால் எழுந்து போய்விடுவாரோ என்று பயம்.

வெளியிலிருந்து என் கணவரின் குரல் வந்தது. "பாவா, இது என் லுங்கி திங்குது."

"கயித்தை எட்டப் புடிங்க, மாப்ளை" என்று அண்ணன் உட்கார்ந்த இடத்திலிருந்தே சத்தம் கொடுத்தார். மாப்ளை என்று அவர் சொன்னதைக் கேட்க நான் எத்தனை நாள் காத்திருந்தேன் என்பது அந்த மனிதருக்குத் தெரியாது. அவர் பாட்டுக்கு எழுந்து போய் மாட்டை முருங்கை மரத்தில் கட்டிவிட்டு, டெம்போக்காரரை அனுப்பிவிட்டு, கால் கழுவிக்கொண்டு வந்தார்.

சாப்பிட உட்கார்ந்தோம். களியும் கீரைக் குழம்பும் அவருக்குப் பிடித்தவை, மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார். கடைசியில் தட்டில் கொஞ்சம் களியை நிறுத்தி வைத்துக்கொண்டு மோருக்குக் காத்திருந்தார். நான் எங்கள் தயிரை ஒரு கரண்டி விட்டேன். நக்கிப் பார்த்தார். நாங்கள் இருவரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இது எந்த மாட்டுது?"

"கடலக்காயிதுங்ண்ணா."

"கடலக்காயைக் கறந்தீங்களா" என்றார். ஆனால் மிச்சம் வைக்கவில்லை.

அன்றிரவு அவர் டெம்போவில் படுக்கவில்லை. எங்கள் முன்னறையில் பாய் விரித்துப் படுத்தார்.

விடிந்ததும் அவர் பால் கறக்கிற சத்தம் கேட்டது. செம்பில் பால் விழுகிற அந்தச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு வருடமாகியிருந்தது. கன்றுக்கு முதலில் விட்டார். பிறகுதான் கறந்தார். "கன்னுக்குப் போகத்தான் நமக்கு. அதை உங்க மலைக்காரங்ககிட்டச் சொல்லு" என்றார். செம்பு நிறைந்த பாலை வீட்டுக்கார அம்மாவிடம் கொடுத்தேன். அந்த அம்மா நாலு குடித்தனத்துக்கும் சேர்த்துக் காப்பி போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஆடை மிதக்கிற ஒரு டம்ளரை அண்ணன் வாங்கி, "குடிங்க மாப்ளை" என்று என் கணவர் கையில் கொடுத்தார்.

அவர் என்னைப் பார்த்தார். நான் முருங்கைக்காய்களை எண்ணத் தொடங்கினேன். எண்ணி முடித்துத் திரும்பியபோது டம்ளர் காலியாக இருந்தது. அவர் உதட்டுக்கு மேலே ஆடை ஒட்டியிருந்தது.

மார்க்கெட்டிலிருந்து டெம்போ வந்தது. மாட்டை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. மலைக்கு ஓட்டிக்கொண்டு போக முடியாது. இங்கே விட்டால் வீட்டுக்கார அம்மாவின் வாழைக் கன்றுகள் மிஞ்சாது, இரண்டு ஏற்கெனவே போய்விட்டன. "சீரா வந்த மாட்டைத் திருப்பி ஓட்டிட்டுப் போறது மொறையில்ல" என்று அண்ணன் தாடையைச் சொறிந்துகொண்டு நின்றார். டெம்போக்காரர், மூட்டைகளுக்கு நடுவில் இதை மறுபடியும் ஏற்ற வேண்டுமா என்று முணுமுணுத்தார். அண்ணன் ஒரு முடிவுக்கு வந்தவராகக் கயிற்றை அவிழ்த்துக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"புடிச்சுட்டியா? சீர் குடுத்தாச்சு. இனி இது உன்ற மாடு" என்றார். அடுத்த நொடியே என் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டார். "நீ அந்தக் காட்டுல இருந்து வர்ற வரைக்கும் இது நம்ம காட்டுல நிக்கட்டும். உன்ற மாட்டை நீ வந்துதான் பாத்துக்கோணும். மாப்ளையும் வரட்டும். நான் ஒருத்தனே எத்தனை நாளைக்குப் பாப்பேன்?"

வரப்பை மிதிக்க வேண்டாம் என்று சொன்ன அதே வாய். நான் சரிங்ண்ணா என்றேனா, தலையை மட்டும் ஆட்டினேனா, நினைவில்லை. அழுதேன் என்பது நினைவிருக்கிறது. வீட்டுக்கார அம்மாவும் எதற்கென்று தெரியாமலே கூட அழுதார்.

டெம்போ கிளம்பும்போது அண்ணன் ஏதோ ஞாபகம் வந்தவராக, உள்ளே கையை விட்டு ஒரு பழைய எண்ணெய்த் தகரத்தை எடுத்து என் கணவரிடம் நீட்டினார். கன்றுக்குத் தண்ணீர் காட்ட ஊரிலிருந்து கொண்டுவந்தது. "ஆனை வந்துச்சுன்னா தட்டுங்க, மாப்ளை" என்றார். விலங்குகளை அதட்டலாமா கூடாதா என்று தோழர் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அதையும் மூட்டையில் வைத்துக் கட்டினோம்.

அன்று சாயங்காலம் பூக்கார அக்காவிடம் போனேன். சண்டை போடத்தான் போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் இரண்டு முழம் கட்டச் சொன்னேன்.

"எப்ப அம்மிணி காட்டுக்குப் போறீங்க?" என்று கேட்டார் பூவை அளந்துகொண்டே.

"எந்தக் காட்டுக்குன்னு கேளுங்க்கா" என்றேன். "எனக்கு இப்ப ரெண்டு இருக்குது."